நூறு கோடியில் இருபது பங்கு: சில்லு ஆலைக் காற்றில் அமோனியாவைப் பிடிக்கும் நுண்துளைப் பாலிமர்

அமோனியாவைப் பிடிக்கும் நுண்துளைப் பாலிமர்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் 1 பார் (ஏறக்குறைய வளிமண்டல) அழுத்தத்தில் அளந்த கொள்ளளவைத்தான் முன்னால் வைக்கின்றன. சுற்றியிருக்கும் வாயு முழுவதும் அமோனியாவாக இருந்தால் கிடைக்கும் எண் அது. குறைகடத்திச் சில்லு செய்யும் ஆலையின் லித்தோகிராஃபி (ஒளியால் சுற்று வரையும்) அறைக்குள் வரும் காற்றில் அமோனியா சுமார் 20 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கு காற்றில் 20 பங்கு இருக்கலாம். 1 பார் அமோனியாவோடு ஒப்பிட்டால் 5 கோடி மடங்கு குறைவு. அதையும் 1 பிபிபிக்குக் கீழே இறக்க வேண்டும். அந்த இடத்தில் எந்தப் பாலிமர் வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதே இந்த ஆய்வு.

நோய்க்குறி

1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் ஹிரோஷி இட்டோ, கிராண்ட் வில்சன், ஜான் ஃப்ரெஷே ஆகியோர் வேதிப் பெருக்க ரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சை உருவாக்கினார்கள். ஒளி பட்ட இடத்தில் சிறிதளவு அமிலம் பிறக்கும். பிறகு வேஃபரை, அதாவது பூச்சுள்ள சிலிக்கான் தட்டை, சூடாக்கும்போது அந்த அமிலம் வினையூக்கியாக இருந்து, ஒரு புரோட்டானே பல பிணைப்புகளை அடுத்தடுத்து வெட்டும். குறைந்த ஒளியில் வேலை முடியும். 248 நானோமீட்டர் ஒளிக்கு மாற முடிந்ததே இதனால்தான்.

வலிமையும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன. ஒரு புரோட்டான் பல பிணைப்புகளை வெட்டும் என்றால், அதை அழிக்கும் ஒரு கார மூலக்கூறு அத்தனை பிணைப்புகளையும் வெட்டவிடாமல் தடுக்கும். ஒளியூட்டலுக்கும் சூடாக்கலுக்கும் இடையே வேஃபர் காத்திருக்கும் சில நிமிடங்களில், காற்றிலுள்ள காரம் படலத்தின் மேற்பரப்பு அமிலத்தைச் சமனாக்கிவிடும். உருத்துலக்கித் திரவத்தில் கரைய வேண்டிய மேல்தோல் கரையாமல் நின்றுவிடும். வெட்டுமுகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு கோட்டின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல் ஆங்கில 'டி' எழுத்து வடிவம் தெரியும். அதனால் அந்தக் குறைக்கு 'டி-டாப்' என்றே பெயர். காத்திருப்பு கூடினால் கோட்டின் அகலமும் மாறும். முற்றிய நிலையில் படமே துலங்காது.

1991இல் ஸ்காட் மெக்டொனால்டும் உடனாய்வாளர்களும் இதற்குக் காற்றில் மிதக்கும் காரங்களே காரணம் என்று காட்டினார்கள். அவர்கள் விரிவாக ஆராய்ந்த பொருள் என்-மெத்தில் பைரோலிடோன். பெயின்ட்டிலும் கழுவு கரைப்பான்களிலும் இருப்பது. 15 பிபிபி அளவிலேயே படலம் கெட்டது.

என்-மெத்தில் பைரோலிடோனின் கொதிநிலை 202 °செ. சாதாரணச் செயலூட்டிய கரியே அதை நன்றாகப் பிடித்துவிடும். அமோனியாவின் கதை அப்படியல்ல. கொதிநிலை மைனஸ் 33 °செ. மூலக்கூறு சிறியது, 2.6 ஆங்ஸ்ட்ராம். கரியின் நீர்விலக்கும் பரப்பில் அதற்குப் பிடிமானமே இல்லை. வான் டெர் வால்ஸ் ஈர்ப்பை (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பை) நம்பி பிபிபி அளவில் அதை நிறுத்த முடியாது. அமில-கார வினைதான் வழி.

அமோனியா எங்கிருந்து வருகிறது

ஆலைக்குள்ளேயே ஊற்றுகள் இருக்கின்றன. வேஃபர் கழுவும் அமோனியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர் கலவை ஒன்று. மெருகேற்றும் குழம்புகள் ஒன்று. சிலிக்கான் நைட்ரைடு படிய வைக்கும் அடுப்புகள் இன்னொன்று. வெளியே இருந்து எருவின் வாடை, உள்ளே மனித மூச்சு. வாயால் விடும் மூச்சில் நூற்றுக்கணக்கான பிபிபி அமோனியா சாதாரணமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட அருகில் இருப்பது ரெசிஸ்ட் பூசும் இயந்திரமே. பூசுவதற்கு முன் வேஃபரில் ரெசிஸ்ட் ஒட்டுவதற்காக ஹெக்சாமெத்தில்டைசிலசேன் ஆவி காட்டுவார்கள். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் முழுதாக வினைபுரியும்போது ஒரு அமோனியா மூலக்கூறு வெளிவரும். 1 கிராம் முழுதும் வினைபுரிந்தால் 0.105 கிராம் அமோனியா. அது உறிஞ்சு குழாயில் போகாமல் 1,000 கன மீட்டர் அறையில் கலந்தால் சுமார் 150 பிபிபி. வடிகட்டியின் ஆயுள் திடீரெனக் குறைந்ததாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆவி காட்டும் அறையின் மூடியும் உறிஞ்சு குழாயும்தான்.

அமிலத்தைத் தடவுவதா, தைப்பதா

அமோனியாவுக்கு அமிலம் வேண்டும் என்பது தெரிந்ததுதான். பாஸ்பாரிக் அமிலம் ஊறவைத்த கரி மலிவானது, நன்றாகவும் பிடிக்கும். ஆனால் அந்த அமிலம் கரியோடு வேதிப்பிணைப்பில் இல்லை. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது அமிலம் நகரும், தூசியோடு போகும். பாஸ்பரஸ் சிலிக்கானில் மாசூட்டியாகச் சேரும் தனிமம் என்பதால் சில்லு ஆலையில் அதன் சிறு கசிவும் பொறுக்க முடியாதது.

இதற்கு விடையாகப் பயன்பாட்டுக்கு வந்தது, சல்ஃபோனிக் அமிலத்தைத் தன் சங்கிலியிலேயே பிணைத்துக்கொண்ட ஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் நுண்துளைப் பாலிமர். அயனிப் பரிமாற்ற ரெசின் என்ற பெயரில் நீர் சுத்திகரிப்பிலும் வினையூக்கத்திலும் நெடுநாளாக இருக்கும் பொருள். ஆம்பர்லிஸ்ட் 15 இந்த வகையின் நன்கறிந்த மாதிரி. அமில அளவு கிலோவுக்கு 4.7 சமானம் (4.7 மோல் அமிலத்தொகுதி), மேற்பரப்பு கிராமுக்கு சுமார் 50 சதுர மீட்டர், துளைவிட்டம் 300 ஆங்ஸ்ட்ராம் அளவு, தாங்கும் வெப்பம் 120 °செ. ஒவ்வொரு அமிலத்தொகுதியும் ஒரு அமோனியா மூலக்கூறை அமோனியம் அயனியாக்கிப் பூட்டும். கணக்குப்படி 1 கிராம் ரெசினில் 80 மில்லிகிராம்.

கிராமுக்கு 50 சதுர மீட்டர் என்பது இன்றைய நுண்துளைப் பொருள்களின் அளவுகோலில் மிகக் குறைவு. இதைப் பார்த்தே பலர் இந்த ரெசினை ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கேதான் எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

2010இல் ஓமர் யாகியின் குழுவினர் சிஓஎஃப்-10 என்ற போரான் கொண்ட சகபிணைப்புச் சட்டகத்தில் 25 °செ, 1 பாரில் கிலோவுக்கு 15 மோல் அமோனியா ஏறுவதைக் காட்டினார்கள். அதே ஒப்பீட்டில் 13எக்ஸ் ஜியோலைட்டுக்கு (நுண்துளைக் கனிமம்) 9 மோல், ஆம்பர்லிஸ்ட் 15க்கு 11 மோல். இப்போது அந்த 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தொகுதிகளோ 4.7தான். மீதி 6.3 மோல் எங்கே உட்கார்ந்தது? ஏற்கெனவே உருவான அமோனியம் அயனிகளைச் சுற்றி ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்ட கூடுதல் அமோனியா அது. அழுத்தம் இறங்கினால் அது போய்விடும். 20 பிபிபியில் கணக்கில் கொள்ள வேண்டியது 4.7ஐ மட்டுமே. சிஓஎஃப்-10இல் போரானின் லூயிஸ் அமிலத்தன்மை (எலக்ட்ரான் இணையை ஏற்கும் தன்மை) நன்றாகவே வேலை செய்கிறது, வெற்றிடத்தில் 200 °செ வரை சூடாக்கினால் அமோனியாவைத் திரும்பக் கொடுத்தும்விடும். ஆனால் அதன் போரோனேட் எஸ்டர் பிணைப்புகள் ஈரத்தில் நீராற்பகுப்படையும் (நீரால் உடையும்) வகையைச் சேர்ந்தவை. லித்தோகிராஃபி அறையின் ஈரப்பதம் 40 முதல் 45 சதவீதம்.

2014இல் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங்கின் குழுவினர் கார்பாக்சிலிக் அமிலம் அடர்த்தியாகப் பதித்த, வைரம் போன்ற பின்னல் கொண்ட பாலிமர்களை வெளியிட்டார்கள். ஒன்றின் துளைகள் பெரும்பாலும் 6 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே. 1 பாரில் கிராமுக்கு 17.7 மில்லிமோல் பிடித்தது, எளிதில் மீட்டெடுக்கக்கூடிய பொருள்களில் அதுவரை காணாத உச்சம். அதன் சகோதரப் பாலிமரில் துளை சற்றுப் பெரிது. உள்ளே போகும் வேகம் கூடியதால் 480 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 480 பங்கு) கிராமுக்கு 3.15 மில்லிமோல் பிடித்தது. அமிலத்தொகுதிகள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தால் பல கைகள் சேர்ந்து ஒரு அமோனியாவைப் பிடிக்கும் என்ற அவர்களின் கருத்து அழகானது, இத்துறைக்கு மிகத் தேவையானதும்கூட. ஆனாலும் 480 பிபிஎம் என்பது 20 பிபிபியைவிட 24,000 மடங்கு அதிகம். மீட்டெடுக்க எளிது என்றால் பிடி அந்த அளவுக்கு இளகியது என்று பொருள். முகமூடிக் குப்பிக்கோ அமோனியாவைச் சேமித்து மீட்பதற்கோ அந்தப் பாலிமர் பொருந்தும். பிபிபி அளவில் ஒருமுறை பிடித்ததை விடவே கூடாது என்ற இடத்தில் வலிய சல்ஃபோனிக் அமிலமே பொருத்தம்.

மணிகளைச் செய்யும் முறை

இந்த ரெசினை மணிகளாகச் செய்ய, ஆய்வக அளவில் 100 கிராம் மோனோமருக்கான (பாலிமரின் மூலப்பொருளுக்கான) கணக்கு இது. 80 சதவீதத் தூய்மையுள்ள டைவினைல்பென்சீன் 25 கிராம், ஸ்டைரீன் 75 கிராம். இரண்டையும் முன்னதாக அலுமினா வழியே விட்டுத் தடுப்பான்களை நீக்க வேண்டும். துளை உண்டாக்க டொலுயீனும் ஹெப்டேனும் கலந்த 100 கிராம். டொலுயீன் பாலிமரைக் கரைய ஈர்க்கும், அது கூடினால் துளைகள் சிறுக்கும், பரப்பு கூடும். ஹெப்டேன் பாலிமரைச் சீக்கிரம் பிரியவைக்கும், அது கூடினால் துளைகள் பெருக்கும். தொடக்கி பென்சாயில் பெராக்சைடு 1 கிராம். இதை 1 சதவீத பாலிவினைல் ஆல்கஹால் கரைந்த 500 மில்லிலிட்டர் நீரில் ஊற்றி, நைட்ரஜன் மூட்டத்தில் கலக்கியபடியே 80 °செயில் 8 மணி நேரம் வைக்க வேண்டும். மணியின் அளவைத் தீர்மானிப்பது கலக்கும் வேகமும் துடுப்பின் வடிவமும். தொடங்கி முதல் ஒரு மணி நேரத்தில், துளிகள் ஒட்டும் பதத்துக்கு வரும் வேளையில், கலக்கி நின்றால் முழுத் தொகுதியும் ஒரே கட்டியாகிவிடும். பிறகு சுடுநீரில் கழுவி, மெத்தனாலில் துளையாக்கியை முழுதும் எடுத்து, உலர்த்தி, 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை சலித்துக்கொள்ளலாம்.

சல்ஃபோனேற்றத்தில், அதாவது மணியில் சல்ஃபோனிக் அமிலத்தைப் பிணைப்பதில், பொறுமை வேண்டும். உலர்ந்த மணி 10 கிராமை 30 மில்லிலிட்டர் டைகுளோரோஈத்தேனில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, 98 சதவீதக் கந்தக அமிலம் 100 மில்லிலிட்டர் சேர்த்து 80 °செயில் 6 முதல் 8 மணி நேரம். டைகுளோரோஈத்தேன் புற்றுநோய் அபாயம் உள்ளது, புகைப்பேழைக்கு வெளியே தொடவே கூடாது. வினை முடிந்த மணிகளை நேராக நீரில் கொட்டினால் சவ்வூடுபரவல் அதிர்ச்சியில் வெடித்து விரிசல் விடும். 75, 50, 25 சதவீத அமிலத்தில் படிப்படியாக இறக்கி, கடைசியில்தான் தூய நீர். கழுவிய நீரின் கடத்துதிறன் தூய நீரின் அளவுக்கு இறங்கும்வரை கழுவ வேண்டும். இங்கே நேரம் மிச்சம் பிடித்தால் மிஞ்சிய அமிலமும் உடைந்த சிறு சல்ஃபோனிக் துண்டுகளும் பிறகு ஆலையில் போய் இறங்கும். உலர்த்தல் 105 °செயில். 120ஐத் தாண்டினால் சல்ஃபோனிக் தொகுதிகள் கழன்று கந்தகச் சேர்மங்கள் வெளிவரும்.

தரம் பார்ப்பது எளிது. உலர்ந்த மணி 1 கிராமை 100 மில்லிலிட்டர் 1 மோலார் சோடியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரம் குலுக்கி, வெளிவந்த அமிலத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்க வேண்டும். 47 மில்லிலிட்டர் செலவானால் 4.7. ஒவ்வொரு ஸ்டைரீன் வளையத்திலும் ஒரு தொகுதி ஏறினால் கோட்பாட்டு உச்சம் 5.4. எண் 4க்குக் கீழே வந்தால் மணியின் நடுப்பகுதி வினைபுரியாமல் இருக்கிறது என்று கொள்ளலாம்.

வடிகட்டியின் கணக்கு

600 மில்லிமீட்டர் சதுரச் சட்டம், மணிக்கு 600 கன மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். முகப்பு வேகம் விநாடிக்கு 0.46 மீட்டர். 25 °செயில் 1 பிபிபி அமோனியா என்பது கன மீட்டருக்கு 0.70 மைக்ரோகிராம். 20 பிபிபி உள்ளே வந்தால் மணிக்கு 8.4 மில்லிகிராம், ஆண்டுக்கு 73 கிராம், அதாவது 4.3 மோல். 4.7ஆல் வகுத்தால் 0.92 கிலோ ரெசின். அமோனியாவைத் தவிர மற்ற அமீன்களும் இடம் பிடிக்கும், மணியின் நடு கடைசிவரை பயன்படாது. எனவே பாதியைத்தான் நம்ப வேண்டும். 1.8 கிலோ, கொட்டடர்த்தி லிட்டருக்கு 0.6 கிலோ என்றால் 3 லிட்டர்.

இந்த 3 லிட்டரைத் தட்டையாகப் பரப்பினால் 8 மில்லிமீட்டர் தடிமன் வரும். 0.6 மில்லிமீட்டர் மணிக்கு, மணிப் படுகையின் தடையைக் கணிக்கும் எர்கன் சமன்பாடு சொல்லும் அழுத்த இழப்பு சுமார் 220 பாஸ்கல். அடுத்து வரும் நுண்துகள் வடிகட்டி அளவுக்கே இன்னொரு சுமை, விசிறிகள் தாங்காது. அதே மணிகளை இரண்டு நெய்யாத் துணிகளுக்கு நடுவே 1.5 மில்லிமீட்டராகப் பரப்பி, கொசுவம் போல மடித்து 2 சதுர மீட்டர் ஆக்கினால் மணிப் படுகையின் இழப்பு 6 பாஸ்கலாக இறங்கும். துணியின் தடைதான் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இவ்வளவு மெல்லிய படுகை போதுமா என்ற கேள்வி எழும். வாயுப் படலத்தின் வழியே அமோனியா மணியைச் சேரும் வேகத்தைக் கணக்கிட்டால், புதிய மணிகள் இருக்கும்வரை 1.5 மில்லிமீட்டருக்குள் சுமார் 16 கடத்தல் அலகுகள் (ஒவ்வொரு அலகும் அமோனியாவைச் சுமார் 2.7 மடங்கு குறைக்கும்) கிடைக்கின்றன. 99 சதவீதத்துக்கு 4.6 போதும். ஆகவே தடிமன் ஆயுளுக்காகவே தேவை, திறனுக்காக அல்ல. திறனைத் தீர்மானிப்பது ஓரக் கசிவு. சட்டத்தின் விளிம்பில் 1 சதவீதக் காற்று மணிகளைத் தொடாமல் போனால், ரெசின் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் 99 சதவீதத்தைத் தாண்ட முடியாது. 20 பிபிபி வரும் நாளில் அது 0.2 பிபிபி, பரவாயில்லை. பக்கத்து அறையில் கழுவுத்தொட்டி கசிந்து 100 பிபிபி ஏறிய நாளில் 1 பிபிபி, வரம்பைத் தொட்டுவிட்டது. பாலிமர் வேதியியலில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு விளிம்பு அடைப்பானை அலட்சியம் செய்வது மிக வருத்தமான வீண்.

நீரின் பங்கு

ஜியோலைட்டில் நீர் எதிரி, அமோனியாவின் இடத்தை அது பறித்துக்கொள்ளும். சல்ஃபோனிக் ரெசினில் நீர் துணை. மணியின் பெருந்துளைகளின் சுவரில் இருக்கும் அமிலத்தொகுதிகள் சிறு பங்குதான். பெரும்பாலானவை அந்தச் சுவரை ஆக்கும் நுண்கூழ்க் குருணைகளுக்குள் புதைந்திருக்கின்றன. எலும்பாக உலர்ந்த மணியில் அவை இறுகி மூடிக் கிடக்கும், அமோனியா மேலோட்டோடு நின்றுவிடும். 40 சதவீத ஈரப்பதத்தில் நீர் உள்ளே போய்ச் சங்கிலிகளை விலக்கும், புரோட்டான்களும் அமோனியமும் நகர வழி கிடைக்கும். நைட்ரஜன் அடைத்த உலர் உறைகளுக்கு இதே வடிகட்டியை மாற்றினால் ஆயுள் வெகுவாகக் குறையும். கணக்கை மறுபடி போட வேண்டும்.

நீரால் வரும் தொல்லையும் உண்டு. ஈரத்தில் மணி வீங்கும், உலர்ந்தால் சுருங்கும். பசை இறுகலாக இருந்தால் மணி கழன்று தூசியாகும். பசை அதிகமானால் துளைவாயே அடைபடும்.

கெடும் விதங்கள்

ஹெக்சாமெத்தில்டைசிலசேன் ஆவி வடிகட்டியை வந்தடைந்தால் அமிலம் அதை உடைக்கும். அமோனியா பிடிபடும், கூடவே பிறக்கும் டிரைமெத்தில்சிலனால் வெளியேறும். அது கரியிலும் நன்றாக நிற்காது, லென்ஸின் மேல் படிந்து புற ஊதா ஒளியில் சிலிக்காவாக மாறும். இதற்கு வடிகட்டியைக் குறைசொல்லிப் பயனில்லை, ஆவியை ஊற்றிலேயே அடக்க வேண்டும்.

ரெசினிலிருந்து கந்தக டைஆக்சைடு சிறிதளவு கசிந்தாலும், பிடிபடாத அமோனியாவோடு சேர்ந்து 193 நானோமீட்டர் ஒளி படும் ஒளிமறைப்பில் (சுற்றின் வரைவு உள்ள தகட்டில்) அமோனியம் சல்ஃபேட் மங்கலாகப் படியும். ஆகவே புதிய வடிகட்டியைப் பொருத்துமுன் தூய காற்றில் ஓட்டி, வெளிவரும் காற்றில் சல்ஃபேட்டையும் அளப்பது அவசியம்.

ஈரப்பதமூட்டியின் நீராவியில் அரிப்புத் தடுப்பானாகக் கலக்கும் மார்ஃபோலின் போன்ற அமீன்கள் யாரும் எதிர்பாராத சுமை. அவையும் ஒவ்வொன்றும் ஒரு அமிலத்தொகுதியை எடுத்துக்கொள்ளும். சேமிப்பும் கவனிக்க வேண்டியது. ரெசின் துணிச் சுருளை அலுமினியப் படலப் பையிலிருந்து எடுத்துச் சாதாரண அறையில் விட்டால், தரை துடைக்கும் அமோனியா நீரே அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

சோதனையிலும் ஏமாறலாம். 10 பிபிஎம்மில் ஓட்டினால் 20 பிபிபியைவிட 500 மடங்கு. ஓராண்டுச் சுமை 17.5 மணி நேரத்தில் ஏறிவிடும். மணியின் நடுவரை பரவ நேரமில்லாததால் வலிய அமில ரெசின் இதில் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். பிடி இளகிய பாலிமரோ உள்ளதைவிட நன்றாகத் தெரியும். பிந்தியதைப் பிரித்தறிய ஒரு வழி, சுமையேற்றி முடித்ததும் உள்வரும் காற்றைத் தூய காற்றாக மாற்றி வெளியே அளப்பது. அமோனியா தொடர்ந்து வழிந்தால் அந்தப் பங்கு பிபிபியில் உதவாது.

அளவீடும் மாற்றமும்

நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்றை 10 மில்லிலிட்டர் மிகத்தூய நீரில் 8 மணி நேரம் குமிழவிட்டால் 480 லிட்டர் காற்று சேரும். 1 பிபிபி இருந்தால் நீரில் மில்லிலிட்டருக்குச் சுமார் 35 நானோகிராம் அமோனியம் கிடைக்கும். அயனி நிறப்பிரிகை வரைவி அதை வசதியாக அளக்கும். குப்பியைத் திறக்கும்போது மூச்சு மேலே படக் கூடாது. ஒவ்வொரு தொகுப்புக்கும் காற்று இழுக்காத வெற்று மாதிரி ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் அளந்தது ஆலையின் காற்றையா கையாண்டவரின் மூச்சையா என்று சொல்ல முடியாது.

இரண்டு வடிகட்டிகளை அடுத்தடுத்து வைத்து, முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடங்களில் மாதிரி எடுப்பதே நல்ல ஏற்பாடு. நடுவில் உள்ள அளவு உள்வரும் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டதும் முதல் வடிகட்டியைக் கழற்றி, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்தி, புதியதைப் பின்னால் வைக்கலாம். கழற்றியதைச் சூடாக்கி மீட்க முடியாது. அமோனியம் சல்ஃபோனேட் அமோனியாவை விடும் முன் ரெசினே சிதையத் தொடங்கும். தனி மணிகளாக இருந்தால் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி மீட்கலாம். பசையும் துணியும் சேர்ந்த மடிப்புக்கு அது ஒத்துவராது, குளோரைடு மிச்சமும் தூய்மையறைக்கு ஆகாது. கழற்றிய சட்டத்திலிருந்து ஒரு மடிப்பை வெட்டி, மேல், நடு, கீழ் மூன்று இடங்களிலிருந்தும் மணிகளை உதிர்த்து, மீதமுள்ள அமிலத்தை அதே சோடியம் குளோரைடு முறையில் தரம்பார்த்தால், காற்று சமமாகப் பரவியதா, மணியில் எவ்வளவு பங்கு உண்மையில் செலவானது என்பது தெரியும். அடுத்த வடிகட்டிக்குப் பாதி என்று வைத்த ஊகத்தின் இடத்தில் அந்த எண்ணை வைக்கலாம்.